தண்ணீர்க் கணக்கு கடைமடைக்கு வரட்டும்!

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது?

கேள்வி சிறியது. ஆனால் தூத்துக்குடியில் குடத்தோடு நிற்கும் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரே பதில் கிடைக்காது. ஒருவர் கவுன்சிலரைச் சொல்வார். இன்னொருவர் குழாய் திறந்துவிடும் தொழிலாளியைச் சொல்வார். அந்தத் தொழிலாளியோ, இன்ஜினீயர் சொன்னபடி திறக்கிறேன் என்பார். இன்ஜினீயர் மேலே கேளுங்கள் என்பார். மேலே போனால், ஆற்றிலேயே தண்ணீர் குறைவு என்று பதில் வரும். கடைசியில் வானம்தான் குற்றவாளி என்று விசாரணை முடிந்துவிடும். வானத்தின் மீது வழக்குப் போட முடியுமா? குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

பொறுப்பு இப்படிக் கை மாறிக் கை மாறிக் காணாமற் போவது தற்செயலானதல்ல. தண்ணீர் யாருடையது என்பதற்குச் சட்டம் பதில் சொல்கிறது. தண்ணீரின் கணக்கை யார் பார்ப்பது என்பதற்கு மட்டும் பதிலில்லை. அந்தக் கணக்குப் புத்தகம் குடிக்கிறவன் கைக்கு வர வேண்டும் என்பதே இன்று நாம் எழுப்பும் கோரிக்கை.

நெல்லையிலிருந்து வல்லநாடு, வாகைக்குளம், புதுக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் போகிறது நெடுஞ்சாலை. தாமிரபரணித் தண்ணீரும் இதே திசையில்தான் போகிறது: வயலுக்கு வாய்க்காலிலே, நகரத்துக்குக் குழாயிலே, ஆலைக்கு இன்னொரு குழாயிலே. வயல் வேலைக்குப் போகிறவரும், ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்புகிறவரும், உப்பளத்தில் கால் வெந்தவரும் இந்த ஒரே ஆற்றின் பிள்ளைகள். மூவரும் கடைமடையில் இருப்பவர்கள். ஆகவே இந்தக் கணக்கு மூவருக்கும் வேண்டியிருக்கிறது.

நகரத்துக்குத் தண்ணீர் வந்த வரலாறு

தூத்துக்குடிக்குத் தண்ணீர் சும்மா வந்துவிடவில்லை. 1866ல் இங்கே முனிசிபாலிடி ஏற்பட்டது. 1888ல் கோரல் மில் எழுந்தது. 1908ல் அந்த மில்லின் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அப்போதும் இந்நகருக்கு ஆற்றுத் தண்ணீர் வந்திருக்கவில்லை. துறைமுகம் இருந்தது, கப்பல் இருந்தது, முத்து இருந்தது, வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு லாபம் இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை! பஞ்ச காலத்தில் ரயில் வண்டியில் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்த நகரம் இது.

முனிசிபல் சேர்மனாக ஐந்து முறை இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து விடாமல் முயன்றார். 1927ல் வல்லநாட்டிலிருந்து ஆற்றுத் தண்ணீர் குழாய் வழியே நகருக்கு வந்து சேர்ந்தது. அவர் 1930ல் மறைந்தார். நகரம் இன்றும் அவரை மறக்கவில்லை. அவர் நமது வர்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் அவர் கதையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தண்ணீர் இல்லை என்றால் சேர்மனைக் கேட்கலாம் என்று அன்று ஊருக்குத் தெரிந்திருந்தது. சேர்மனும் அது தன் வேலை என்று அறிந்திருந்தார். வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே இருந்த அந்தத் தெளிவு சுதந்திர நாட்டில் மங்கிப்போனது ஏன்?

பிறகு இரண்டாவது குழாய் வந்தது, மூன்றாவது வந்தது, நான்காவதும் வந்தது. 2008ல் நகராட்சி மாநகராட்சியாயிற்று. குழாய்கள் பெருகின. கணக்கு மட்டும் மக்களை விட்டு விலகிக்கொண்டே போயிற்று.

அதிகாரம் எங்கே போயிற்று?

1993 ஜூன் 1ந் தேதி அமலுக்கு வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தம், குடிநீர் விநியோகத்தை நகர சபைகளின் வேலைகளில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறை என்ன? பெரிய திட்டங்களை வகுப்பதும் கட்டுவதும் பெரும்பாலும் 1971ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். பணமோ மாநில, மத்திய சர்க்கார்களின் கையில். 2017ல் தூத்துக்குடி 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் விதிப்படி வேலைகளை நடத்துவதற்குக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் ஒரு தனிக் கம்பெனி ஏற்பட்டது. மிஞ்சியது என்ன? குழாய் அடைத்தால் திட்டு வாங்கும் வேலை மட்டும் கவுன்சிலருக்கு மிஞ்சியது.

அந்தக் கவுன்சிலராவது எப்போதும் இருந்தாரா? அதுவும் இல்லை. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகர சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ந் தேதி. ஐந்தாண்டுக்கு மேலாக, ஒரு சபையின் முழு ஆயுட்காலம், தமிழ்நாட்டின் நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. தனி அதிகாரிகளே சபை, அவர்களே மேயர், அவர்களே எதிர்க்கட்சி!

அந்த ஆண்டுகளில் நடந்தது என்ன? 2018ல் கோயம்புத்தூரின் குடிநீர் விநியோகம் சூயஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியிடம் 26 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைக்கப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தான நேரத்தில் அந்நகரில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லை. 26 ஆண்டு என்றால் ஐந்து சபைகளின் ஆயுள். அன்று பிறந்த குழந்தை வளர்ந்து, ஓட்டுப் போட்டு, மீண்டும் ஓட்டுப் போட்டாலும் அந்த ஒப்பந்தம் அசையாது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்பது இதுதான்.

திருப்பூர் இதற்கு முன்னோடி. 1995ல் அங்கே ஒரு கம்பெனி பதிவாகி, பனியன் நகருக்கும் சாயப் பட்டறைகளுக்கும் தண்ணீர் விற்கும் முப்பதாண்டு உரிமை பெற்றது. சாயப் பட்டறைகள் அதிக விலைக்கு வாங்கும், அந்த வரும்படியில் எல்லாம் நடக்கும் என்பது கணக்கு. நொய்யலில் சாயக் கழிவு கலந்த வழக்கில் 2011ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் அந்தக் கணக்கு ஆட்டங்கண்டது. தண்ணீரைச் சரக்காக்கினால் சந்தை சரியும்போது தண்ணீரும் சேர்ந்து சரியும். இது அனுபவம் தந்த பாடம்.

வாகன நகரத்தில் நடந்தது

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் ப்ளிண்ட் என்று ஒரு சிறு நகரம். 2014ல் அங்கே ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனங்கள். மோட்டார் தொழிலாளர்களின் நகரம். 1936-37ல் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியைப் பணிய வைத்த ஊர் அது.

பிற்காலத்தில் ஆலைகள் வெளியேறின. நகர சபை கடனில் விழுந்தது. மாநில சர்க்கார் ஓர் அதிகாரியை நியமித்து, சபையின் அதிகாரத்தை அவரிடம் கொடுத்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று 2014 ஏப்ரலில் நகரின் தண்ணீர் உள்ளூர் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. குழாயை அரிக்காமல் காக்கும் மருந்து சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் கரைந்து தண்ணீரில் இறங்கிற்று. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் ஆபீசு ஆபீசாகப் போனார்கள். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் பதில் சொன்னார்கள்.

ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், அந்தத் தண்ணீர் இன்ஜின் பாகங்களை அரிக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி புகார் செய்தது. அதன் ஆலைக்கு மட்டும் வேறு தண்ணீர் கிடைத்தது! நகர மக்களுக்குப் பழைய தண்ணீர் திரும்பியது 2015 அக்டோபரில்தான். இரும்பு கேட்டவுடன் கிடைத்தது. இரத்தம் கேட்டு ஓராண்டு காத்திருந்தது. பணக்கார நாடு, படித்த அதிகாரிகள், ஆய்வுக்கூடங்கள் எல்லாம் இருந்தும் இப்படி நடந்தது. ஏனென்றால் கணக்குக் கேட்கும் சபை முடக்கப்பட்டிருந்தது.

இதற்கு நேர்மாறாகவும் ஓர் ஊர் உண்டு. பாரிஸ் நகரம் தனியார் கம்பெனிகளிடமிருந்து தண்ணீரைத் திரும்ப எடுத்து, 2010 ஜனவரி முதல் தன் சொந்த ஸ்தாபனத்தின் மூலம் நடத்துகிறது. மறு ஆண்டே தண்ணீர் விலையைக் குறைத்தது. தண்ணீரைப் பயன்படுத்துகிறவர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்க ஒரு மன்றமும் அங்கே உண்டு. சூயஸ் கம்பெனியின் தாயகத்துத் தலைநகரமே தனியாரை விலக்கியது. நமது கோயம்புத்தூர் அக்கம்பெனியை வரவேற்றது!

வயலும் ஆலையும் பகையல்ல

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். எட்டாவதான ஸ்ரீவைகுண்டமே கடைசி. அதன் வடகால் வாய்க்கால் கோரம்பள்ளம் குளம் வரை நீள்கிறது. இந்த அணையிலிருந்துதான் 1970களில் தொடங்கிய திட்டத்தின்படி தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் தண்ணீர் ஒதுக்கப்பட்டது. லிட்டரில் சொன்னால் 9 கோடிக்குச் சற்று மேல். நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய சர்க்காரின் அளவுகோல். அந்தக் கணக்கில் அது ஆறே முக்கால் லட்சம் பேருக்குப் போதுமான தண்ணீர்! கடைமடை விவசாயிகளின் எதிர்ப்பு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதில் வியப்பில்லை.

உடனே ஒரு குரல் எழும்பும்: "ஆலைக்குத் தண்ணீர் வேண்டாம் என்றால் தொழிலாளிக்கு வேலை எங்கே?" விவசாயத் தொழிலாளியை மில் தொழிலாளிக்கு எதிராக நிறுத்தும் பழைய தந்திரம் இது. ஆலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆலைக்கு ஆற்றுத் தண்ணீர்தான் வேண்டுமா என்று கேட்கிறோம்.

வீட்டுக்கு வரும் தண்ணீரில் 100க்கு 80 பங்கு சாக்கடையாகத் திரும்புகிறது என்பது இன்ஜினீயர்கள் போடும் கணக்கு. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019ல் இரண்டு நிலையங்கள் திறக்கப்பட்டன. சாக்கடைத் தண்ணீரைப் பல படிகளில் சுத்தம் செய்து ஆலைகளுக்குக் கொடுப்பது அவற்றின் வேலை. ஒவ்வொன்றின் சக்தியும் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர். இரண்டும் சேர்ந்தால் 9 கோடி. ஸ்ரீவைகுண்டத்தில் ஆலைகளுக்கு ஒதுக்கிய அளவும் அதுவேதான்! தூத்துக்குடி சென்னையைவிடச் சிறிய ஊர். அவ்வளவு சாக்கடை இங்கே கிடைக்காது. ஆனால் கிடைக்கும் ஒவ்வொரு லிட்டரும் ஆற்றில் ஒரு லிட்டரை மிச்சப்படுத்தும். வயலும் பிழைக்கும், ஆலையும் ஓடும். இன்று அந்தத் தண்ணீரில் எவ்வளவு பக்கிள் ஓடை வழியாகக் கடலில் விழுகிறது? திரேஸ்புரத்து மீனவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஆகவே குடிநீரும் சாக்கடையும் ஒரே கணக்கின் வரவும் செலவும் ஆகும். சாக்கடைப் பக்கத்துச் செலவிலே மனித உயிரும் சேர்ந்திருக்கிறது. 2020 ஜூலையில் நமது மாவட்டத்து கீழச்செக்காரக்குடியில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய நால்வர் நச்சுக் காற்றில் மாண்டனர். மனிதனை இறக்குவதைத் தடை செய்த சட்டம் 2013லேயே வந்துவிட்டது. செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014லும், 30 லட்சம் என்று 2023லும் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நஷ்டஈடு உயர்ந்தது நல்லதே. ஆனால் இறக்காமலிருக்க இயந்திரம் வாங்கினோமா என்று கேட்க ஒரு கமிட்டி வேண்டாமா? கான்ட்ராக்டர் மாறினால் வேலை போய்விடும் என்று அஞ்சும் துப்புரவுத் தொழிலாளியால், "நான் இறங்கமாட்டேன்" என்று எப்படிச் சொல்ல முடியும்?

மில்லில் இருக்கும் கணக்கு நகரத்தில் ஏன் இல்லை?

மில் தொழிலாளிக்கு ஒன்று நன்றாகத் தெரியும். உள்ளே வந்த பஞ்சு எவ்வளவு, வெளியே போன நூல் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று முதலாளி தினமும் கணக்குப் பார்க்கிறான். தரையில் விழுந்த பஞ்சைக்கூடக் கூட்டி எடை போடுகிறான். தன் சொத்து என்பதால்தான் இந்த அக்கறை.

தண்ணீர் நமது சொத்து அல்லவா? வல்லநாட்டுப் பக்கம் இன்று இறைத்தது எவ்வளவு, சுமார் 30 கிலோமீட்டர் கடந்து நகரில் சேர்ந்தது எவ்வளவு, வழியில் கசிந்தது எவ்வளவு, எந்த வார்டுக்கு எத்தனை மணி நேரம் விடப்பட்டது, கடைசித் தெருக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருந்ததா? இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் ஒரு கரும்பலகையில் அடங்கிவிடும். படிக்கப் பட்டம் வேண்டாம். எழுதப் பெரிய செலவும் வேண்டாம். மனம்தான் வேண்டும்.

விவசாயத் தொழிலாளிக்கும் இது புதிதல்ல. நெல்லைச் சீமைக் கிராமங்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். ஊர் வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவர் வேலை; களத்தில் நெல்லாகக் கூலி. முறை தவறினால் ஊர் கேட்கும். பழைய கிராமத்தை நாம் புகழவில்லை. அந்த ஊர்க் கூட்டத்தில் குரல் இருந்தது நிலம் உள்ளவனுக்கே. வரப்பில் நின்று தண்ணீர் கட்டியவனுக்கு அல்ல. ஆனால் கடைமடை நனைந்ததா என்பதுதான் பாய்ச்சலின் அளவுகோல் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மேல்மடை நனைந்ததற்கு யாரும் சாட்சி கேட்பதில்லை. அது தானே நனையும்.

நகரத்துக்கும் மேல்மடை, கடைமடை உண்டு. குழாயின் தலைப்பில் இருப்பவன் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான். கடைசித் தெருவில் குழாய் காற்றை ஊதுகிறது. காசுள்ளவன் லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் வாங்குகிறான். கூலிக்காரனோ அரை நாள் கூலியை விட்டுக் குழாயடியில் நிற்கிறான். அவன் வீட்டுப் பெண் விடியற்காலைத் தூக்கத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு உப்பளத்துக்குப் போகிறாள். அங்கேயும் குடிக்கத் தண்ணீர் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இந்த இழப்பு எந்த பட்ஜெட்டிலும் எழுதப்படுவதில்லை.

நமது கோரிக்கைகள்

2022 நவம்பர் 1ந் தேதி முதல் தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் கூட ஆரம்பித்தன. இது ஒரு முன்னேற்றமே, வரவேற்கிறோம். ஆனால் நியமனம் பெற்றவர்கள் மேடையில் உட்கார, மக்கள் மனுக் கொடுத்துவிட்டுப் போகும் கூட்டமாக அது முடிந்துவிடக் கூடாது. மனு என்பது கெஞ்சுவது. கணக்கு என்பது கேட்பது. ஆகவே நாம் கோருகிறோம்:

1. இறைத்தது, சேர்ந்தது, கசிந்தது, வார்டுக்கு விட்டது, குளோரின் அளவு ஆகிய ஐந்து கணக்குகளையும் ஒவ்வொரு வார்டிலும் தினந்தோறும் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

2. வார்டு கமிட்டிகளில் கடைசித் தெருப் பெண்களுக்கும், குடிநீர், துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் இடம் வேண்டும். அவர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டம் ஷிப்டு முடிந்த பிறகு மாலையில் நடக்க வேண்டும்.

3. சபையின் ஐந்தாண்டு ஆயுளைத் தாண்டும் எந்தத் தண்ணீர், சாக்கடை ஒப்பந்தமும் முழுமையாகத் தமிழில் வெளியிடப்பட்டு, பகுதி சபைகளில் விவாதிக்கப்படாமல் கையெழுத்தாகக் கூடாது. தேர்ந்தெடுத்த சபை இல்லாத காலத்தில் கையெழுத்தே கூடாது.

4. ஆலைகளுக்குப் போகும் தண்ணீரின் கணக்கு விவசாயிகள் சங்கத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் மாதந்தோறும் தரப்பட வேண்டும். சுத்தம் செய்த சாக்கடைத் தண்ணீரே ஆலைகளுக்கு முதல் பங்காக வேண்டும்.

5. சாக்கடைக்குள் எந்த மனிதனும் இறங்கக் கூடாது. துப்புரவு வேலையிலும் குடிநீர் வேலையிலும் கான்ட்ராக்ட் முறை ஒழிந்து, நிரந்தர வேலை வேண்டும்.

6. உப்பளங்களில் வேலை இடத்திலேயே குடிநீர் கிடைக்க வேண்டும். அதுவும் இந்தக் கணக்கில் ஏற வேண்டும்.

பணமில்லை என்று சர்க்கார் சொல்ல முடியாது. இவற்றில் முதல் மூன்றுக்கும் சாக்குக்கட்டியும் நேர்மையும் போதும்.

கடைசியாக நம்மிடமுள்ள குறையையும் சொல்லிவிடுகிறோம். போனஸ் கணக்கைப் பைசா சுத்தமாகப் பார்க்கத் தெரிந்த நமது சங்கங்கள், தண்ணீர்க் கணக்கைக் கேட்டது அபூர்வம். அது வீட்டு விவகாரம், பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டோம். தண்ணீர் வராத நாளில் காலிக் குடத்தோடு மறியல் செய்தோம். வந்த நாளில் கலைந்துவிட்டோம். மறியல் அன்றைக்குத் தண்ணீர் தரும். கணக்குத்தான் என்றைக்கும் தண்ணீர் தரும். தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து கையில் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாள் எடுத்து ஐந்து கேள்விகளை எழுதி அனுப்ப எந்தச் சங்கத்துக்கும் தடையில்லை.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளைச் சங்கமும் போக வேண்டும். தாய்மார்களை முன்னே நிறுத்திப் போக வேண்டும். நகரத்தார் தங்கள் வார்டில் கேட்கட்டும். புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தார் தங்கள் கிராம சபையில் கேட்கட்டும். "இந்த ஆற்றிலிருந்து இன்று எவ்வளவு எடுத்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள்?" என்ற ஒரே கேள்வி வல்லநாடு முதல் திரேஸ்புரம் வரை ஒரே நாளில் எழட்டும்.

பதில் கடைசித் தெருவின் பலகையில் வந்து எழுதப்படும் வரை, விடாமல் கேட்போம்!